ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பல்லும் ராத்திரி பிரஷ்ஷும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான பக்கம் இது. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002–03இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 52 பேருக்குச் சொத்தை இருந்தது. வகுப்பில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறார்கள். அப்படியானால் கோளாறு எங்கே என்பதுதான் கேள்வி.

பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறது. சொத்தையானால் என்ன?

விழும், ஆனால் எல்லாம் ஒன்றாக விழாது. பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் ஆடத் தொடங்கும். பின்னாலுள்ள எட்டுக் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. ஆறு வயதில் ஓட்டை விழுந்த கடைவாய்ப் பல்லை வைத்துக்கொண்டு பிள்ளை இன்னும் ஐந்து வருஷம் சாப்பிட்டாக வேண்டும். ஒரு பக்கமாகவே மெல்லும், கறித்துண்டையும் சுண்டலையும் ஒதுக்கும், தயிர்சாதம் மட்டும் போதும் என்று அடம்பிடிக்கும். "சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்று டானிக் வாங்கப் போகும் முன் ஒரு தடவை வாயைத் திறந்து பாருங்கள்.

சொத்தை ஆழமாகி வேரில் சீழ் பிடித்தால், அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் மேற்பூச்சு கெட்டுப்போகலாம். பால் பல்லைக் காலத்துக்கு முன்னே பிடுங்கிவிட்டால் பின்னாலிருக்கும் பல் முன்பக்கம் சாய்ந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். கீழிருந்து வரும் பல்லுக்கு வழி இருக்காது. பின்னாளில் கம்பி போட்டுச் சரிசெய்யும் பல வாய்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஆறு வயதுப் பல் என்கிறார்களே, அது எது?

பெற்றோர் பலர் தவறவிடும் பல் இதுதான். ஆறு வயதை ஒட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலேயே, கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒன்று முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. பல் விழுந்தால்தான் புதுப்பல் வரும் என்று நாம் நினைத்திருப்பதால், இதையும் பால் பல் கணக்கில் சேர்த்து விட்டுவிடுகிறோம். இது நிரந்தரப் பல். இது போனால் வேறு முளைக்காது.

கண்டுபிடிக்க ஒரு வழி: கீழ்த்தாடையின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள். ஐந்து வரை பால் பல் இருந்த இடம். ஆறாவது இருந்தால் அதுதான். ஆறு வயதில் ஆறாவது பல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பல் முழுசாக மேலே வர மாதக்கணக்கில் ஆகும், சில பிள்ளைகளுக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே இருக்கும், பின்பாதியை ஈறு மூடியிருக்கும். நேராகப் பிரஷ்ஷை ஓட்டினால் பிரஷ் பக்கத்துப் பல்லின் மேலேயே வழுக்கிப் போய்விடும். தாழ்ந்த பல்லைத் தொடவே தொடாது. போதாக்குறைக்கு இதன் மேற்பரப்பில் குறுகலான ஆழப் பள்ளங்கள். இட்லி மாவு ஒட்டிய கரண்டியின் மடிப்பு போல, உள்ளே போனது வெளியே வராது. எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் முதலில் கறுத்துத் தெரியும் நிரந்தரப் பல் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

காலையில் நன்றாகத்தான் தேய்க்கிறாள். பிறகும் ஏன் சொத்தை?

காலையில் தேய்ப்பது வாய் நாற்றத்துக்கு நல்லது. சொத்தையைத் தடுப்பது பெரும்பாலும் ராத்திரி தேய்ப்பதுதான்.

பல்லின் மேல் படியும் மாவு போன்ற பிசுக்கில் கிருமிகள் வாழ்கின்றன. நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவையும் அவை அமிலமாக மாற்றுகின்றன. சாப்பிட்ட சில நிமிஷங்களிலேயே பல்லின் மேல் பிஹெச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) 5.5க்குக் கீழே இறங்கி, பல்லின் கெட்டியான மேற்பூச்சான எனாமலிலிருந்து கால்சியம் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தைக் கழுவி, கரைந்ததைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க அரைமணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். பகல் முழுக்க இந்தக் கரைதலும் சேர்தலும் மாறி மாறி நடக்கும்.

தூங்கும்போது உமிழ்நீர் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடும். ஒன்பது மணிக்குப் பாலில் சத்துப்பானப் பவுடரும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் கலந்து குடித்துவிட்டு அப்படியே படுத்த பிள்ளையின் வாயில் அமிலம் இருக்கிறது, அதைக் கழுவ ஆள் இல்லை. காலை ஆறு மணிக்கு எவ்வளவு நுரை வரத் தேய்த்தாலும் அது நடந்து முடிந்த வேலை.

ஒரு வேளைதான் முடியும் என்றால் எந்த வேளை என்று கேட்பவர்களுக்கு: ராத்திரி. ஆனால் இரண்டு வேளையும் முடியும்.

எத்தனை வயது வரை நாங்கள் தேய்த்துவிட வேண்டும்?

ஏழு, எட்டு வயது வரை. தன் சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறது, அழகாக எழுதுகிறது என்ற பிறகுதான் பின்பக்கப் பற்களைச் சுற்றிப் பிரஷ்ஷைத் திருப்பும் அளவுக்குக் கை பழகும். காலையில் அவனே தேய்க்கட்டும், அவனுக்கும் பெருமை. ராத்திரி உங்கள் கை. அதற்குப் பிறகும் பத்து வயது வரை பக்கத்தில் நின்று பாருங்கள்.

தேய்த்துவிடும்போது கடிக்கிறான், ஓடுகிறான். எப்படித்தான் தேய்ப்பது?

எதிரில் நின்று தேய்ப்பதுதான் முதல் தவறு. எதிரில் நின்றால் பல் தெரியாது, பிள்ளையின் தலையும் பின்னால் போய்க்கொண்டே இருக்கும்.

சின்னப் பிள்ளை என்றால் பேன் பார்ப்பது போல மடியில் தலையை வைத்துப் படுக்க வையுங்கள். கட்டிலிலோ பாயிலோ, விளக்குக்குக் கீழே. பாத்ரூமில்தான் பல் தேய்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளையை நிற்க வைத்து, நீங்கள் பின்னால் நின்று, அதன் தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொள்ளுங்கள். இடது கை விரலால் உதட்டையும் கன்னத்தையும் ஒதுக்கினால்தான் ஈறு ஓரம் கண்ணுக்குத் தெரியும். மேல் உதட்டின் நடுவில் ஈறோடு ஒட்டிய மெல்லிய நார் ஒன்று இருக்கும். பிரஷ் அதில் இடித்தால் சுரீர் என்று வலிக்கும். பல பிள்ளைகள் அலறுவதற்குக் காரணம் அடம் இல்லை, இந்த இடிதான். அந்த இடத்தில் விரலை வைத்து மறைத்துக்கொண்டு தேய்த்துப் பாருங்கள்.

ஆறாவது பல்லிலிருந்து தொடங்குங்கள், பிள்ளை பொறுமை இழக்கும் முன்னே அது முடிந்துவிட வேண்டும். வாயைப் பாதி மூடச் சொல்லுங்கள். பெரிதாகத் திறந்தால் கன்னம் இறுகிப் பிரஷ் நுழையாது. பிரஷ்ஷைக் கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காக உள்ளே விட்டு, தாழ்ந்திருக்கும் அந்தப் பல்லின் மேல் மட்டும் பத்துத் தடவை சின்னதாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நான்கு மூலையிலும் இப்படி.

பிறகு மற்ற பற்கள். ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் நார்களைச் சற்றுச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம் என்று தினமும் ஒரே வரிசை. வரிசை மாறினால் ஏதோ ஒரு பக்கம் விட்டுப்போகும், பெரும்பாலும் அது கீழ்ப் பற்களின் நாக்குப் பக்கம். மொத்தம் இரண்டு நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும், நாம் இரண்டு நிமிஷம் என்று நினைப்பது முக்கால் நிமிஷம்கூட இல்லை.

நன்றாகத் தேய்த்தோமா என்று சோதிக்க, வாரத்தில் ஒருநாள் தேய்த்து முடித்தபின் ஒரு துண்டு பீட்ரூட்டை மென்று துப்பச் சொல்லிவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீரில் கொப்பளிக்க வையுங்கள். பல்லில் சிவப்பு அப்பி நிற்கும் இடத்தில் பிசுக்கு இன்னும் இருக்கிறது. துல்லியமான சோதனை இல்லை, ஆனால் பிள்ளைக்குப் பிடித்துப்போகும்.

எந்த பேஸ்ட்? எவ்வளவு?

பெயரைப் பார்க்காதீர்கள், ட்யூபின் பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் பாருங்கள். எனாமலைக் கெட்டிப்படுத்தும் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) என்று இருக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் பேஸ்ட்டில் ஃப்ளோரைடு அதற்கு மேல் இருக்கக் கூடாது, அளவை ட்யூபிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. ஸ்ட்ராபெர்ரி வாசனையும் கரடிப் பொம்மையும் போட்டு வரும் குழந்தைகள் பேஸ்ட் சிலவற்றில் 500 அளவுதான் இருக்கும், சிலவற்றில் அறவே இருக்காது. மூலிகைப் பேஸ்ட்டுகள் பலவற்றில் கிடையாது. சொத்தை வரும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் 1000 பிபிஎம் பேஸ்ட்டே பொருத்தம், அளவைக் குறைத்துக்கொண்டால் சரி.

மூன்று வயதுக்குள் ஒரு பச்சரிசி அளவு. மூன்று முதல் ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருவது போலப் பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் பிதுக்குவது பேஸ்ட் விற்பதற்கு, பல்லுக்கு அல்ல. பட்டாணி அளவு என்பது ஏறத்தாழ கால் கிராம். இரண்டு வேளைக்கு மாதம் 15 கிராம் ஆகும். 100 கிராம் ட்யூப் ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாளில் தீர்கிறது என்று பாருங்கள். ட்யூபைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் நீங்களே பிதுக்கிக் கொடுங்கள்.

தேய்த்தபின் எத்தனை தடவை கொப்பளிக்க வேண்டும்?

நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டு நான்கு தடவை கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடு சாக்கடைக்குப் போய்விடும். நம் பழக்கத்துக்கு இது அருவருப்பாகத் தோன்றும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

எங்கள் ஊர்த் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். பேஸ்ட்டிலும் வேண்டுமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நியாயமான கேள்வி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்து, பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழுந்த தலைமுறைகள் அங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே முக்கியக் காரணம் அதுதான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாதபோது 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டாணி அளவு பேஸ்ட்டை முழுசாக விழுங்கினாலும் உள்ளே போவது கால் மில்லிகிராம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தால் அதைப்போல ஆறு மடங்கு. மாற்ற வேண்டியது குடிக்கும், சமைக்கும் தண்ணீரை. பேஸ்ட்டைப் பொறுத்தவரை அளவைக் கறாராக வைத்து, துப்பப் பழக்குங்கள். துப்பத் தெரியாத பிள்ளைக்கு அந்த ஊர்களில் எவ்வளவு போடலாம் என்பதை உள்ளூர்ப் பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பல்பொடி, கரி, உப்பு, வேப்பங்குச்சி?

கரியும் செங்கல் தூளும் சேர்ந்த பொடிகள் பல்லைச் சுரண்டும். வெளுப்பது போலத் தெரிவது எனாமல் தேய்வதால்தான். விரலால் பொடியைத் தேய்ப்பதில் பல்லிடுக்கும் ஈறு ஓரமும் விட்டுப்போகும். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பது பொய்யில்லை, நன்றாக மென்ற குச்சி பிசுக்கை எடுக்கும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை வேப்பங்குச்சியின் கசப்பைப் பொறுத்து, கடைவாயின் உள்பக்கம் வரை கொண்டுபோய்த் தேய்க்குமா? குச்சியில் ஃப்ளோரைடும் இல்லை.

சாக்லேட்டை நிறுத்திவிட்டோம். போதாதா?

சாக்லேட் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு கிரீம் பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்புகிறோம். பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது என்பதும் கணக்கு. வாயில் சீக்கிரம் கரைந்து இறங்கும் இனிப்பைவிட, கடைவாய்ப் பள்ளத்தில் களியாக அப்பிக்கொள்ளும் பிஸ்கட், ரஸ்க், பொட்டலச் சிப்ஸ் எல்லாம் நெடுநேரம் நிற்கும். சவ்வு மிட்டாயும் தேன்மிட்டாயும் கேட்கவே வேண்டாம்.

ஒரு சாதாரண நாளை எண்ணுங்கள். காலையில் பால், பதினொரு மணி இடைவேளையில் பிஸ்கட், மதியம் டப்பா ஜூஸ், பள்ளி விட்டதும் வாசல் கடையில் ஏதோ ஒன்று, டியூஷன் போகும்போது ரஸ்க், படுக்கும்போது மறுபடி பால். சாப்பாட்டுக்கு வெளியே மட்டும் ஆறு அமிலத் தாக்குதல். ஒவ்வொன்றுக்கும் அரைமணிக்குக் குறையாது. இனிப்பு கொடுப்பதானால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், அப்போது உமிழ்நீரும் நிறைய இருக்கும். இடைவேளை டப்பாவில் சுண்டல், வேர்க்கடலை, வெள்ளரி, கொய்யா. ராத்திரிப் பாலில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டு, பால் குடித்த பிறகு பல் தேயுங்கள். தேய்த்தபின் தண்ணீர் மட்டும்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் கொடுக்கலாமா?

ருசிக்குக் கொடுக்கலாம். கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இனிப்பான இருமல் மருந்தும் இதே கணக்கில்தான் வரும். ராத்திரி மருந்து கொடுத்தபின் பல்லைத் தேய்த்துவிடுங்கள்.

பல்லில் பூச்சி இருக்கிறது என்று புகை போட்டு எடுக்கிறார்களே?

பல்லில் பூச்சி கிடையாது. கண்டங்கத்தரி விதையைச் சூட்டில் போட்டால் விதை வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை முளைக்கரு வெளியே வரும். சுருண்டு, நூல் போல, பார்க்கப் புழு மாதிரியே இருக்கும். அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். பல்லில்லாத வாய்க்குப் புகை போட்டாலும் அந்தப் 'பூச்சி' விழும். 'பூச்சிப்பல்' என்ற சொல் பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், சிகிச்சை அந்தச் சொல்லை நம்பி வேண்டாம்.

கறுப்பாக இருந்தால் எல்லாம் சொத்தையா?

இல்லை. இரும்புச்சத்து சிரப் குடிக்கும் பிள்ளைக்குப் பல்லில் கறுப்புக் கறை படியும். ஈறு ஓரமாகக் கோடு போட்டது போலக் கறுப்புப் படலம் வரும் பிள்ளைகளும் உண்டு. இவை பல் மருத்துவர் சுத்தம் செய்தால் போய்விடும்.

கவனிக்க வேண்டிய நிறம் வெள்ளை. மேல் உதட்டைத் தூக்கி, முன்பற்களை ஒரு துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியது போலப் பளபளப்பில்லாத வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை தொடங்கிவிட்டது. இன்னும் குழி விழவில்லை. இந்தக் கட்டத்தில் ராத்திரி பிரஷ்ஷும் ஃப்ளோரைடும் அதைத் திரும்பக் கெட்டிப்படுத்த முடியும். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் தேய்த்து மாற்ற முடியாது. மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பது அரை நிமிஷ வேலை.

நடுராத்திரி பல்வலி. விடியும் வரை என்ன செய்வது?

ஓட்டையில் சிக்கிய உணவை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, பிரஷ்ஷால் மெல்ல எடுத்துவிடுங்கள். பாதி வலி அதிலேயே அடங்குவதுண்டு. பாராசிட்டமால் சிரப் கொடுக்கலாம். எடைக்கு ஏற்ப ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் 250 உள்ள பாட்டிலும் கடையில் ஒரே மாதிரி இருக்கும், லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். 20 கிலோ பிள்ளைக்கு 250 பாட்டிலில் 5 மில்லி சரியாக வரும். ஆஸ்பிரின் கூடாது. மாத்திரையைப் பொடித்துப் பல்லில் வைப்பதும் கிராம்பு எண்ணெயை ஊற்றுவதும் ஈறைப் புண்ணாக்கும்.

கன்னம் வீங்கிக் கண் வரை ஏறினால், காய்ச்சல் வந்தால், விழுங்கவோ வாய் திறக்கவோ சிரமப்பட்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே ஆஸ்பத்திரி. இன்னொன்று: வலி தானாக நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பல்லின் உள்ளிருக்கும் நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். அடுத்தது சீழ்.

டாக்டரிடம் போனால் பிடுங்கிவிடுவாரா?

சீக்கிரம் போனால் பெரும்பாலும் இல்லை. சின்னக் குழியை அடைத்துவிடுவார். பல இடத்தில் அரித்த கடைவாய்ப் பால் பல்லுக்கு எவர்சில்வர் கேப் போடுவார், பல் விழும்போது கேப்பும் சேர்ந்தே விழும். நரம்பு வரை போயிருந்தால் பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை உண்டு. பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பக்கத்துப் பல் சாயாமல் இடத்தைக் காக்கும் சின்னக் கம்பி போட முடியுமா என்று கேளுங்கள்.

ஊசிக்கும் மிஷின் சத்தத்துக்கும் மிரளும் பிள்ளைக்கு சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையில் தொட்டு வைப்பார்கள். வலியில்லை, சொத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கும். அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். முன்பல் என்றால் பலர் தயங்குவார்கள்.

சொத்தை வருமுன் செய்ய இரண்டு உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவது ஒன்று. ஆறாவது பல் முழுசாக மேலே வந்ததும் அதன் பள்ளங்களைப் பிசின் போன்ற பூச்சால் மூடிவிடுவது மற்றொன்று, இதற்குப் பல்லைக் குடையத் தேவையில்லை. ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால் எங்கள் வாக்கு இரண்டாவதற்கு.

செலவு தாங்காது. அரசு வழியில் என்ன கிடைக்கும்?

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அங்கன்வாடிக்கு இரண்டு முறையும் வரும். அவர்கள் பார்க்கும் பட்டியலில் பல் சொத்தையும் உண்டு. சொத்தை என்று எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டைப் புத்தகப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

பள்ளியிலேயே தேய்க்க வைக்க முடியுமா?

முடியும். ஸ்காட்லாந்தின் மழலைப் பள்ளிகளிலும் பிலிப்பைன்ஸின் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் தினமும் வகுப்பாகச் சேர்ந்து தேய்க்கிறார்கள். நம் பள்ளிகளில் காலை உணவு முடிந்து கை கழுவ நிற்கும் வரிசையே இதற்குத் தோதான நேரம். 30 பிள்ளைகளுக்குக் கால் கிராம் வீதம் ஒரு நாளைக்கு ஏழரை கிராம், 100 கிராம் ட்யூப் இரண்டு வாரத்துக்கு வரும்.

தடுக்கி விழும் இடம் பேஸ்ட் அல்ல, பிரஷ்களை வைக்கும் முறை. எல்லாவற்றையும் ஒரே டம்ளரில் குத்தி வைத்தால் ஒன்றின் நார் இன்னொன்றில் ஒட்டும். பெயர் எழுதி, ஒன்றையொன்று தொடாத ஓட்டைகள் போட்ட பலகையில், நார் மேலே இருக்கும்படி நிறுத்திக் காய விட வேண்டும், மூடி போடக் கூடாது. ட்யூபின் வாயை ஒவ்வொரு பிரஷ்ஷிலும் வைத்துப் பிதுக்காமல், ஒரு தாளில் பட்டாணி பட்டாணியாக வைத்து அவரவர் தொட்டுக்கொள்ளச் செய்யுங்கள். கொப்பளிக்கத் தேவையில்லை என்பதால் குழாய் வசதி குறைந்த பள்ளிக்கும் சரிப்படும்.

பால் பல் விழாமலே பின்னால் இன்னொரு வரிசை முளைக்கிறதே?

கீழ் முன்பற்களில் ஆறு, ஏழு வயதில் சகஜம். பால் பல் ஆடினால் ஆட்டிவிடச் சொல்லுங்கள். அது விழுந்ததும் நாக்கே புதுப்பல்லை முன்னால் தள்ளிவிடும். இரண்டு, மூன்று மாதமாகியும் பழைய பல் ஆடவே இல்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை இரண்டு வரிசைக்கு நடுவே பிரஷ்ஷின் நுனியை விட்டுத் தேய்க்க வேண்டும்.

பிரஷ்ஷை எப்போது மாற்றுவது?

மூன்று மாதத்தில், அல்லது நார் விரிந்து துடைப்பம் போல ஆனால் அதற்கு முன்பே. தலை சின்னதாக, நார் மெதுவாக, பிடி தடிமனாக இருப்பதை வாங்குங்கள். ஒரே மாதத்தில் விரிந்துவிட்டால் பிள்ளை தேய்க்கவில்லை, கடித்து மெல்லுகிறது என்று அர்த்தம். அப்போது காலைக்கு ஒன்று அவன் கையில், ராத்திரிக்கு ஒன்று உங்கள் கையில் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.